வீட்டில் ஓடிய நிரல் சர்வரில் நின்றது ஏன்?



இன்றைய பேச்சு கணினியைப் பற்றியது. "அது படித்த பிள்ளைகளின் சமாச்சாரம், நமக்கெதற்கு?" என்று வானொலியின் ஒலியைக் குறைத்துவிட வேண்டாம். விடிகாலையில் பெரட்டுக் களத்தில் நின்று பெயர் கொடுத்தவர்களுக்கு விளங்காத எதையும் நாங்கள் இன்று சொல்லப் போவதில்லை. மேலும், உங்கள் வீட்டுப் பிள்ளையே கோலாலம்பூரிலோ சைபர்ஜெயாவிலோ கணினி வேலையில் இருக்கக்கூடும். இரவு பதினொரு மணிக்குச் சாப்பிடக் கூப்பிட்டாலும் வராமல் அது திரையை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், எதைத் தேடுகிறது என்று பெற்றவர்கள் தெரிந்துகொள்வதில் தவறில்லை அல்லவா?

தோட்டத்துக்கும் கணினிக்கும் நாம் நினைக்குமளவு தூரமும் இல்லை. இன்று அரசாங்க அலுவலகங்கள் நிறைந்திருக்கும் புத்ராஜெயா ஒருகாலத்தில் பிராங் பெசார் ரப்பர்த் தோட்டம். 1996இல் மல்டிமீடியா சூப்பர் காரிடார் என்ற திட்டம் வந்து, அதையொட்டி சைபர்ஜெயாவும் எழுந்தது. பால் மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அங்கே நிரல் எழுதப் போகிறார்கள்.

நிற்க. கிள்ளான் பக்கத்தில் உள்ள எங்கள் தோட்டப்பள்ளியில் இப்பொழுது மாணவர் தொகை குறைவு. ஆனால் அலமாரியில் பழைய சேர்க்கைப் பதிவேடுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அவற்றைத் தேடிக்கொண்டு இன்றும் ஆட்கள் வருகிறார்கள். பிறப்புப் பத்திரம் இல்லாதவர்கள். சிவப்பு அடையாள அட்டையோடு கிழவராகிவிட்டவர்கள். தோட்டம் விற்கப்பட்டபின் அடுக்குமாடிக்குக் குடிபோனபோது காகிதங்களைத் தொலைத்தவர்கள். "இந்தப் பள்ளிக்கூடத்தில்தான் ஐயா படித்தேன், அதற்கு ஓர் எழுத்து எழுதிக் கொடுங்கள்" என்று கேட்பார்கள். மனுவோடு இணைக்கும் காகிதங்களில் அதுவும் ஒன்று. ஏட்டைப் புரட்டிப் பெயரைக் கண்டுபிடிக்க அரைநாள் ஆகிவிடும். சில பக்கங்களைக் கரையான் தின்றுவிட்டது. வந்தவர் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருப்பார்.

இதைப் பார்த்துவிட்டுத்தான் எங்கள் பழைய மாணவி ஒருத்தி, "நான் ஒரு நிரல் எழுதித் தருகிறேன் சார்" என்று முன்வந்தாள். செம்பனைக் குலை வெட்டுகிறவரின் மகள். பிரிக்ஃபீல்ட்ஸில் வாடகை அறையில் தங்கி, ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து அப்பொழுது ஓராண்டுகூட நிறையவில்லை. அவள் சனிக்கிழமைகளில் நிரலை எழுதினாள். நாங்கள் ஆசிரியர்கள் இரண்டு பள்ளி விடுமுறைகளைச் செலவழித்துப் பெயர்களைத் தட்டெழுதினோம்.

அவள் எழுதியது ஜாவா என்னும் கணினி மொழியில். நமக்குப் பக்கத்துத் தீவின் பெயர்தான். அந்தத் தீவின் காப்பியை வைத்து இட்ட பெயர். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜேம்ஸ் காஸ்லிங்கும் அவருடன் இருந்தவர்களும் உருவாக்கி 1995இல் வெளியிட்டார்கள். ஜாவாவில் ஒரு நிரல் ஒரே துண்டாக இருப்பதில்லை. கிளாஸ் எனப்படும் சிறு சிறு துண்டுகளாக இருக்கும். (பள்ளிக்கூடத்து வகுப்பு என்று எண்ணிக்கொள்ள வேண்டாம்.) பல கிளாஸ்களைச் சேர்த்துக் கட்டிய பொட்டலத்துக்கு ஜார் என்று பெயர். நாமே எல்லாக் கிளாஸ்களையும் எழுதுவதில்லை. பிறர் எழுதிவைத்த பொட்டலங்களையும் வாங்கிச் சேர்த்துக்கொள்கிறோம்.

நிரல் ஓடும்போது ஒவ்வொரு துண்டும் தேவைப்படும் சமயத்தில் பெயர் சொல்லி அழைக்கப்படுகிறது. எங்கெங்கே போய்த் தேட வேண்டும் என்பதற்கு ஓர் இடப்பட்டியல் உண்டு. அந்தப் பட்டியல்தான் கிளாஸ்பாத். பெரட்டுக் களத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மண்டோர் செக்ரோலைப் பார்த்துப் பெயர் கூப்பிடுகிறார். கூப்பிடும்போது ஆள் களத்தில் நிற்க வேண்டும். லயத்தில் சோறு கட்டிக்கொண்டிருந்தாலும், அடுத்த டிவிஷன் களத்தில் தவறுதலாகப் போய் நின்றாலும், மண்டோருக்கு அந்த ஆள் 'வரவில்லை'தான். ஆள் உலகத்தில் இல்லை என்று அவர் சொல்லவில்லை. நான் பார்த்த இடத்தில் இல்லை என்கிறார். கணினி சொல்வதும் இவ்வளவே. இதை அன்றைக்கு நாங்கள் அறிந்திருந்தால் ஓர் இரவுத் தூக்கம் மிஞ்சியிருக்கும்.

மாணவியின் மடிக்கணினியில் நிரல் அழகாக ஓடியது. பெயரைத் தட்டினால் ஆண்டு, தகப்பனார் பெயர், பக்க எண் எல்லாம் வந்தன. பிறகு பள்ளியிலிருந்து எவரும் பார்க்கும்படி வாடகைக்கு எடுத்த ஒரு சர்வருக்கு அதைக் கொண்டுபோனோம். அப்படிக் கொண்டுபோகும்போது நிரலை முழுவதாக ஒரே பெட்டியில் கட்டுவார்கள். அந்தப் பெட்டிக்கு வார் என்று பெயர். அதனுள் வெப்-இன்ஃப் என்றொரு அறை. அதில் கிளாஸஸ் என்ற உள்ளறையில் நாம் எழுதிய துண்டுகளும், லிப் என்ற உள்ளறையில் பிறருடைய ஜார்களும் இருக்க வேண்டும். வெப்-இன்ஃப் முழுவதும் பெரிய எழுத்தில், லிப் சிறிய எழுத்தில். பெட்டியைத் திறந்து ஓட்டுகிற சர்வர் மென்பொருள் டாம்கேட். இதுவும் சன் நிறுவனத்தில் பிறந்து 1999இல் அப்பாச்சி அமைப்புக்குக் கொடுக்கப்பட்டது, இன்றளவும் இலவசம்.

மறுநாள் காலை பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. முதல் நாள் இரவு எட்டு மணிக்குத் திறந்தால், 500 என்ற எண்ணோடு ஒரு பிழைப்பக்கம். ஹெச்டிடிபி சர்வ்லெட் என்ற கிளாஸ் கிடைக்கவில்லை என்று ஆங்கிலத்தில் நீளமாக எழுதியிருந்தது. அந்தப் பிள்ளையின் முகம் வெளுத்துவிட்டது. "எனக்கு இந்த வேலை தெரியாது போலிருக்கிறது சார்" என்றாள். பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு எத்தனையோ கற்பித்தார்கள். படித்த பிள்ளை அப்படிச் சொல்லும்போது என்ன பதில் சொல்வது என்று கற்பிக்கவில்லை.

அன்று இரவு நாங்கள் செய்தது அத்தனையும் தவறு. கிடைக்கவில்லை என்கிறதே, கொடுத்துவிடுவோம் என்று, அந்தக் கிளாஸ் உள்ள சர்வ்லெட் ஜாரை எங்கிருந்தோ எடுத்துவந்து வெப்-இன்ஃப் லிப்பில் ஒன்று, டாம்கேட்டின் சொந்த லிப்பில் ஒன்று என்று போட்டோம். போதாக்குறைக்கு, சர்வரின் கிளாஸ்பாத் என்ற சூழல் மாறியிலும் அதன் முகவரியை எழுதிவைத்தோம். கடைசியாகச் செய்தது வெறும் வியர்வை. டாம்கேட்டைத் துவக்கும் கட்டளைக் கோப்பு அந்த மாறியை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. தன் பட்டியலைத் தானே எழுதிக்கொள்கிறது. புத்தகங்களில் பழைய பாடத்தைப் படித்துவிட்டுப் பலர் இன்றும் இதில் மணிக்கணக்கைச் செலவிடுகிறார்கள்.

பிழை போகவில்லை, உருமாறியது. முன்பு 'கிளாஸ் கிடைக்கவில்லை' என்றது, இப்பொழுது 'உன் கிளாஸ் ஒரு சர்வ்லெட்டே அல்ல' என்றது. அதிகாலை இரண்டு மணி. சங்கத்தாருக்குச் செய்தி அனுப்பிக் கூட்டத்தைத் தள்ளிவைத்தோம். வெட்கமாகத்தான் இருந்தது.

மறுவாரம் பகல் வெளிச்சத்தில், வயிற்றில் சோற்றோடு உட்கார்ந்தோம். முதல் வேலையாக, போட்டதையெல்லாம் எடுத்தோம். பிறகு டாம்கேட் எழுதும் நாட்குறிப்பை, அஃதாவது லாக் கோப்பை, முதல் வரியிலிருந்து படித்தோம். அந்த இரவில் கடைசி வரியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். டாம்கேட் துவங்கும்போதே தன் பதிப்பு எண்ணையும் ஜாவாவின் பதிப்பு எண்ணையும் அங்கே எழுதிவிடுகிறது. சர்வரில் இருந்தது டாம்கேட் 10. மாணவியின் மடிக்கணினியில் இருந்தது டாம்கேட் 9. விஷயம் அங்கேயே வெளியாகிவிட்டது.

இதன் பின்னால் ஒரு பெயர்மாற்றக் கதை இருக்கிறது. சன் நிறுவனத்தை 2010இல் ஆரக்கிள் வாங்கியது. 2017இல், சர்வர் பக்கத்து ஜாவாவை எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைக்கப் போவதாக ஆரக்கிள் அறிவித்தது. பிள்ளையைத் தத்துக் கொடுத்தார்கள், குடும்பப் பெயரைக் கொடுக்கவில்லை. ஜாவா என்ற வாணிகப் பெயர் ஆரக்கிளிடமே நின்றது. ஜாவாக்ஸ் என்று தொடங்கும் பழைய பெயர்களின் கீழ் புதியவர்கள் எதையும் திருத்தி வளர்க்க முடியாமற் போயிற்று. ஆகவே புதிய பெயர் தேடி, ஜாவா தீவின் பெருநகரான ஜக்கார்த்தாவின் பெயரை எடுத்துக்கொண்டார்கள். டிசம்பர் 2020இல் வெளிவந்த ஜக்கார்த்தா இஇ 9இல் பெயர்கள் யாவும் ஜாவாக்ஸ் நீங்கி ஜக்கார்த்தா ஆயின. டாம்கேட் 9 பழைய பெயரைத் தேடும். டாம்கேட் 10 புதிய பெயரைத் தேடும். செயல் ஒன்றுதான், உருவம் ஒன்றுதான். பெயரின் முதற்சொல் வேறு. கணினிக்கு அது வேறு ஆள்.

இதைக் கேட்டதும் நாங்கள் சிரித்தோம். சிரிப்பு பாதியில் நின்றது. எங்கள் பதிவேட்டைத் தேடி வருகிறவர்களின் தொல்லையும் இதுவே அல்லவா? கிராணி தம் காதில் விழுந்தபடி ஒரு பெயரை எழுதினார். ஆஸ்பத்திரியில் வேறு எழுத்தில் எழுதினார்கள். இரண்டும் ஒரே முனியம்மாதான் என்று ஊருக்கெல்லாம் தெரியும், காகிதத்துக்குத் தெரியாது.

நாங்கள் பழைய சர்வ்லெட் ஜாரை லிப்பில் போட்டபோது நடந்ததும் இதனால் விளங்கியது. பழைய பெயருள்ள ஆள் களத்துக்கு வந்துவிட்டார். ஆனால் டாம்கேட் 10 கேட்டது புதிய பெயருள்ளவரை. ஆகவேதான் 'இது சர்வ்லெட் அல்ல' என்றது. பொதுவாகவே, சர்வ்லெட் ஜார் டாம்கேட்டின் வீட்டுச் சாமான். அதை நம் பெட்டியில் கட்டிக்கொண்டு போகக் கூடாது. நிரலைத் தொகுக்கும்போது மட்டும் இரவல் வாங்கிக்கொள்ள வேண்டும். மேவன் என்ற தொகுப்புக் கருவியில் இதற்கென்றே 'புரொவைடட்' என்ற ஒரு குறிப்பு உண்டு.

தீர்வுக்கு மூன்று வழிகள் இருந்தன. சர்வரில் டாம்கேட் 9ஐ வைப்பது ஒன்று. வெப்ஆப்ஸ்-ஜாவாஇஇ என்ற கோப்புறையில் பழைய பெட்டியை வைத்தால் டாம்கேட் 10 தானே பெயர்மாற்றிக்கொள்ளும், அது இன்னொன்று. நிரலிலேயே பெயர்களைத் திருத்துவது மூன்றாவது. மாணவி மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தாள். "இனி நான்தான் சார் இதைப் பார்த்துக்கொள்ளப் போகிறேன், சுத்தமாக இருக்கட்டும்" என்றாள். ஆனால் அவசரத்தில் எல்லா ஜாவாக்ஸையும் ஒரேயடியாக ஜக்கார்த்தாவாக்கிவிட்டாள். நிரல் தொகுக்கவே மறுத்தது. ஜாவாக்ஸ் எஸ்க்யூஎல் போன்ற சில பெயர்கள் ஜாவா மொழியின் உள்ளேயே இருப்பவை. அவை வீடு மாறவில்லை, பெயரும் மாறவில்லை. அவற்றைத் திரும்பப் பழையபடி எழுதினாள்.

அதன்பின் வேறொரு பிழை வந்தது. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தோடு பேசும் டிரைவர் கிளாஸ் கிடைக்கவில்லை. இம்முறை எவரும் பதறவில்லை. பெட்டிக்குள் இருக்கிறதா என்று பார்த்தோம். அதற்கு எளிய கட்டளை உண்டு: ஜார் என்று தட்டி, ஓர் இடம் விட்டு டி எஃப் என்று தட்டி, பிறகு பெட்டியின் பெயர். உள்ளே இருப்பதை வரிவரியாகப் படித்துக் காட்டிவிடும். டிரைவர் ஜார் அங்கே இல்லவே இல்லை.

அப்படியானால் மடிக்கணினியில் எப்படி ஓடியது? லயத்தில் இருந்தபோது பக்கத்து வீட்டு அம்மியில் மசாலை அரைத்தோம். நாள்தோறும் அரைத்ததால் அது நம்முடையதல்ல என்பதே மறந்துபோயிற்று. அடுக்குமாடிக்குச் சாமான் கட்டிக்கொண்டு போய், முதல் நாள் சமைக்க உட்கார்ந்தபோதுதான் அம்மி இல்லை என்று தெரிந்தது. மாணவியும் மடிக்கணினியில் சோதித்துப் பார்த்த டாம்கேட்டின் லிப்பில் அந்த ஜாரை என்றோ போட்டுவைத்திருந்தாள். எக்லிப்ஸ் என்னும் எழுதுகருவியில் அதைத் தொகுப்புப் பட்டியலிலும் சேர்த்திருந்தாள். ஆனால் பெட்டிக்குள் எவை போக வேண்டும் என்று சொல்லும் டிப்ளாய்மென்ட் அசெம்ப்ளி என்ற இன்னொரு பட்டியலில் சேர்க்கவில்லை. இரண்டும் வெவ்வேறு பட்டியல்கள். 'வீட்டில் ஓடியது, சர்வரில் ஓடவில்லை' என்ற புலம்பலுக்குப் பின்னால் பெரும்பாலும் இப்படி ஓர் இரவல் அம்மி இருக்கும்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். டாம்கேட் ஒரு கிளாஸைத் தேடும்போது, ஜாவாவின் அடிப்படைத் துண்டுகள் போக, முதலில் நம் பெட்டியின் கிளாஸஸ் அறையில் பார்க்கும். அடுத்து லிப் அறை. அதன் பிறகே தன் பொதுவான லிப். நம் நிரல் டாம்கேட்டின் பொது அறையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். பொது அறையில் இருப்பது நம் பெட்டியைத் திறந்து எடுக்காது. மகன் தகப்பனிடம் கேட்டு வாங்கலாம், தகப்பன் மகனுடைய டிரங்குப் பெட்டியைத் திறப்பதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். எனவே தரவுத்தள இணைப்புகளை நம் நிரலே திறந்தால் டிரைவர் ஜார் நம் பெட்டியில் இருக்கலாம். டாம்கேட்டே திறந்துவைக்கும்படி ஏற்பாடு செய்திருந்தால் டாம்கேட்டின் லிப்பில் இருக்க வேண்டும். எங்கள் நிரல் முதல் வகை. பெட்டியில் கட்டினோம், பிழை போயிற்று.

பிழைச் செய்திகளுக்குள்ளும் சாதி பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். 'கிளாஸ் நாட் ஃபவுண்ட் எக்செப்ஷன்' என்றால், நிரல் ஓடும்போது பெயரைச் சொல்லித் தேடியது, ஆள் இல்லை. 'நோ கிளாஸ் டெஃப் ஃபவுண்ட் எரர்' என்றால், தொகுக்கும் நாளில் இருந்த ஆள் ஓட்டும் நாளில் இல்லை. சில சமயம் ஆள் இருந்தும், முதல் முறை எழுப்பும்போதே கீழே விழுந்துவிட்டான். அதற்கான காரணம் நாட்குறிப்பில் வெகு மேலே எழுதியிருக்கும். 'நோ சச் மெத்தட் எரர்' வேறு விதம். கூப்பிட்ட பெயரில் ஆள் வந்துவிட்டார், ஆனால் அவர் பழைய பதிப்பு. புதிதாகக் கேட்கும் வேலை அவருக்குத் தெரியாது. லிப் அறையில் ஒரே ஜாரின் இரண்டு பதிப்புகள் கிடந்தால் இப்படி நேரும். எந்தப் பதிப்பு முதலில் எடுக்கப்படும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இன்று ஓடும், மறுபடி துவக்கினால் ஓடாது. இதில் அகப்பட்டவர்கள் கணினிக்குப் பேய் பிடித்ததென்றே நம்பிவிடுவார்கள். ஜாவாவைத் துவக்கும்போது வெர்போஸ் கிளாஸ் என்ற குறிப்பைக் கொடுத்தால், எந்தத் துண்டை எந்த ஜாரிலிருந்து எடுத்தது என்று அதுவே ஒவ்வொன்றாகச் சொல்லும்.

கணக்குப் பிரியர்களுக்கு ஒன்று. 'கிளாஸ் பதிப்பு 61, எனக்கு 55 வரைதான் தெரியும்' என்பதுபோல் ஒரு பிழை வந்தால் 44ஐக் கழியுங்கள். 61 என்பது ஜாவா 17, 55 என்பது ஜாவா 11. புதிய ஜாவாவில் தொகுத்ததைப் பழைய ஜாவாவில் ஓட்டப் பார்க்கிறோம் என்று பொருள்.

நீண்ட பிழைச் செய்தியில் 'காஸ்ட் பை' என்று தொடங்கும் வரிகள் இருக்கும். அவற்றுள் கடைசியாக, எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பதுதான் பெரும்பாலும் மூலகாரணம். மேலே பெரிதாகத் தெரிவது விளைவு. எங்கள் மாணவி முதல் இரவில் மேல் வரியை மட்டும் படித்தாள். நாங்களும் அதையே படித்தோம்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அறியாமலிருப்பது எங்களைப் போன்ற சிறுபிள்ளைகளின் குறை மட்டுமன்று. டிசம்பர் 2021இல் லாக்4ஜே என்ற ஜாரில் பெரிய ஓட்டை இருப்பது வெளியானது. நாட்குறிப்பு எழுதுகிற ஜார் அது. அதன் வழியாக வெளியாள் உள்ளே புகுந்து சர்வரைத் தன் சொற்படி ஆட்டிவைக்க முடிந்தது. உலகமெங்கும் கணினிக்காரர்கள் தூக்கமின்றித் தேடினார்கள். எதை? அந்த ஜார் தங்கள் பெட்டிகளில் இருக்கிறதா, எந்தப் பதிப்பு என்பதை. நாம் கேட்டு வாங்காவிட்டாலும், நாம் வாங்கிய இன்னொரு ஜார் அதைத் தன்னோடு அழைத்து வந்திருக்கும். மேவனில் 'டிபென்டன்சி ட்ரீ' என்று கேட்டால், யார் யாரை அழைத்து வந்தார்கள் என்று வம்சாவளியாகவே எழுதிக் காட்டும். எங்கள் நிரலில் அந்த ஜார் இல்லை. பார்த்து உறுதி செய்துகொண்டோம்.

எல்லாம் முடிந்தபின் மாணவி ஒரு பழைய நாட்காட்டி அட்டையின் பின்புறத்தில் டாம்கேட் இன்ன பதிப்பு, ஜாவா இன்ன பதிப்பு, லிப் அறையில் இன்னின்ன ஜார்கள் என்று எழுதி, அலுவலக அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவிட்டுப் போனாள். சர்வரில் எதை மாற்றினாலும் அட்டையிலும் மாற்ற வேண்டும் என்பது அவள் கட்டளை. ஆசிரியர்களுக்கு மாணவி இட்ட கட்டளை! அதற்குப் பிறகு இரண்டு முறை மாற்றினோம்; இரண்டு முறையும் எழுதினோம்.

சங்கத்தார் வருவதற்கு முன்பே ஒரு பாட்டி வந்துவிட்டார். பேரன் கூட்டிவந்திருந்தான். சொன்ன பெயரைத் தட்டினோம், வரவில்லை. பாட்டி முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாணவி கிள்ளானுக்கு வந்திருந்த நாள் அது. "தகப்பனார் பெயரையும் ஆண்டையும் வைத்துத் தேடுங்கள் சார், எழுத்து மாறியிருக்கும்" என்றாள். 1968ஆம் ஆண்டுப் பதிவில், ஓர் எழுத்து குறைவாக, பாட்டியின் பெயர் இருந்தது. பக்க எண்ணைப் பார்த்து அலமாரியிலிருந்து ஏட்டை எடுத்தோம். கரையான் அந்தப் பக்கத்துக்கு வரவில்லை.